மலைச்சாமி விஷம் வைக்கவில்லை

அனுப்புநர்:
ச. வீரலட்சுமி, வயது 43,
க/பெ. சண்முகவேல்,
2/118, கிழக்குத் தெரு,
ஊத்துமேட்டுப்பட்டி, செம்பட்டி வழி,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: என் பசு இறந்தது குறித்து நானே கொடுத்த புகார் உண்மைக்கு மாறானது எனத் தெரிவித்தல் – திரு. மலைச்சாமி மீதான வழக்கில் ஆய்வக அறிக்கை நீதிமன்றம் சென்றடைய ஆவன செய்யக் கோருதல் – மெல்லக் கரையும் யூரியா இட்ட நிலங்களில் விளைந்த சோளத்தட்டையை மாடுகள் தின்னும் முன் சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எங்கள் சரகக் காவல் நிலையத்தில் 05.06.2025 அன்று நான் அளித்த புகார்.
2. அதே நிலையத்தில் 21.07.2025 அன்று நான் அளித்த மறு மனு (ரசீது தரப்படவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட முகவரியில் கணவருடன் வசித்து வருகிறேன். அவர் பஞ்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். இரண்டரை ஏக்கர் செவல் காட்டையும் மாடுகளையும் பார்த்துக்கொள்வது நான். தங்களிடம் மனுவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிறர் செய்த தீங்கைச் சொல்ல வருவார்கள். நான் பிறருக்குச் செய்த தீங்கைச் சொல்ல வந்திருக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டு மாதமாக ஓரிடத்தில் அடங்கி உட்கார முடியாமல் இருக்கிறேன். சொல்வதில் முன்பின் இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. கடந்த தை மாதக் கடைசியில் ஒரு தனியார் உர நிறுவனத்தார் செம்பட்டி சுற்றுவட்டாரத்தில் நான்கு ஊர்களில் பதினான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, மக்காச்சோளத்துக்கு மெல்லக் கரையும் யூரியாவை இலவசமாகக் கொடுத்து மாதிரித் திடல் போட்டார்கள். அதில் நானும் ஒருத்தி. நிறுவனத்தின் களப் பணியாளர் திரு. பிராங்கிளின் என்பவர் நேரில் வந்து விளக்கினார். சாதா யூரியாவை இன்று போட்டால் ஒரு வாரத்தில் பயிர் கறுத்து எழும்பும். ஒரு மாதத்தில் மறுபடி பழுத்து நிற்கும். மழை பெய்தால் கரைந்து ஓடும், வெயில் அடித்தால் ஆவியாகப் போகும். இந்த உரத்தில் ஒவ்வொரு மணிக்கும் மேலே மெல்லிய தோல் உண்டு. ஈரம் அந்தத் தோலுக்குள் ஊறி, உள்ளே இருக்கும் யூரியாவைக் கரைத்து, நூறு நாளைக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் என்றார். பார்ப்பதற்கு ஜவ்வரிசி போல இருந்ததால் ஊரில் அதை ஜவ்வரிசி உரம் என்றே சொல்கிறோம். விதைச் சாலிலேயே போட்டு மூடினேன். பையின் மேல் எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியாத மொழிகளில். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஏற்கெனவே ஒருவர் பெயரை எழுதிவிட்டு இந்த நிலையில் இருக்கிறேன். வெற்றுப் பையை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

3. மாசி முடிவதற்குள் எங்கள் கிணறு வற்றியது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றுவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு, பங்குனிக் கடைசியில் பெய்த ஒரு கோடை மழையை நம்பி, ஏப்ரல் பத்தாம் தேதி அதே இடத்தில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் விதைத்தேன். விதைக்கும்போது மண்ணுக்குள் அந்த ஜவ்வரிசி மணிகள் பாதிக்கு மேல் போட்டபடியே கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். உரம் கெட்டுப்போய்விட்டது, இனி அதனால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். சோளம் வெளுத்து முளைத்ததால் வீட்டில் மிச்சமிருந்த சாதா யூரியாவையும் மேலே தூவினேன். அதை யாரும் தூவச் சொல்லவில்லை. நானாகச் செய்தது.

4. அதன் பிறகு ஐம்பது நாள் ஒரு சொட்டு மழை இல்லை. சோளம் வளரவும் இல்லை, சாகவும் இல்லை. குட்டையாகக் கதிர் தள்ளியது. ஜூன் ஒன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாலை நல்ல மழை. மறுநாளிலிருந்து சோளம் கரும்பச்சையாக மாறியதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஐந்தாம் தேதி வியாழக்கிழமை காலையில் முழுவதையும் அறுத்தேன். குருத்துச் சோளம் மாட்டைக் கொல்லும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கதிர் வரும்வரை காத்திருந்தேன். என் கறவைப் பசுவுக்கு இரண்டு கட்டு போட்டேன். இன்னும் ஈனாத என் கிடாரிக்கு அன்று பழைய வைக்கோல்தான் போட்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் பசு தள்ளாடியது. வாயில் நுரை; நாக்கு நாவல்பழம் தின்றதுபோல் நீலமாக இருந்தது. மூச்சுக்குத் தவித்து, முன்னங்கால் மடங்கி விழுந்தது. கால்நடை மருத்துவர் திருமதி தீபா அவர்கள் வேறொரு ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள், பதினொன்றரை மணிக்கு உயிர் போய்விட்டது. ஐந்து மாதச் சினை.

5. மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது ரத்தம் காப்பி டிகாக்ஷன் போல இருந்தது. விஷம் ஏறினால்தான் இப்படிக் கறுக்கும் என்று கூடியிருந்தவர்கள் சொன்னார்கள். அவசரப்பட வேண்டாம், ஆய்வகத்துக்கு அனுப்புகிறேன், அது சொல்லட்டும் என்று மருத்துவர் சொன்னார். அது என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. ஏனென்றால் அதற்குள் என் மனதில் ஒருவர் வந்து நின்றுவிட்டார்.

6. அவர் எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் திரு. மலைச்சாமி, வயது 61. அவரை மாமா என்றும் அவர் மனைவி ராமுத்தாயை அத்தை என்றும் அழைத்து வந்தவள் நான். எங்கள் இரு காடுகளுக்கும் நடுவே உள்ள வரப்பில் நடப்பது பற்றி ஒரு வருடமாக வாய்த்தகராறு இருந்தது. சித்திரை மாதம் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அவர், "இனிமே ஓம் மாடு எங் காட்டுல கால் வச்சுச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே புகாரில் எழுதினேன். அதற்கு முதல் நாள் என் பசு அவருடைய கத்தரி நாற்றில் ஒரு பாத்தியைத் தின்று தீர்த்திருந்தது, அதை எழுதவில்லை.

7. பசு சாவதற்கு முந்தைய நாள் மாலை அவர் மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வரப்போரம் உள்ள என் மாட்டுக்கொட்டத்துக்கு அருகில் நின்றதைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்கும் அவருக்கும் பத்தடி இருக்கும். காவல் நிலையத்தில் எழுதுகிறவர், "அவரு தொட்டில ஊத்துனதப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன். ஐயா, இந்த மனுவில் நான் எழுதியுள்ள எல்லாவற்றிலும் தாங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். அது பொய். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. கேள்வி வந்த வேகத்தில் பதிலும் வந்துவிட்டது. எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. நான் மாற்றவில்லை.

8. அன்று சாயங்காலமே அவரை அழைத்துப் போனார்கள். மறுநாள் நீதிமன்றக் காவலில் வைத்தார்கள். இருபதாம் தேதிதான் ஜாமீனில் வந்தார். அவர் யார் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள மூன்று ஊர்களிலும் மாடு கன்று ஈனச் சிரமப்பட்டால் முதலில் அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வருவார். செத்துப்போன என் பசுவே ஆறு வருடத்துக்கு முன் கால் மாட்டிக்கொண்டு பிறக்க முடியாமல் கிடந்தபோது, கையை விட்டுத் திருப்பி எடுத்துப் போட்டவர் அவர்தான். மாட்டுக்கு விஷம் வைத்தவர் என்று அப்படிப்பட்டவர் மேல் எழுதிக் கொடுத்தேன். இப்போது அவரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆடி மாதம் வடக்குத் தெருவில் ஒரு மாடு ஈன முடியாமல் கன்றோடு செத்தது. அவர் வீடு அங்கிருந்து நான்காவது வீடு.

9. இனி நான் தவறை உணர்ந்த விதத்தைச் சொல்கிறேன். தொட்டித் தண்ணீரில்தான் விஷம் என்று நம்பியதால் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். அறுத்த சோளத்தட்டை மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதைக் காயவைத்துப் படப்பாக அடுக்கினேன். ஜூன் பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிடாரிக்கு முதன்முதலாக அதிலிருந்து எடுத்துப் போட்டேன். முக்கால் மணி நேரத்தில் கிடாரியும் அதேபோலத் தள்ளாடியது. அதே நீல நாக்கு. திரு. மலைச்சாமி அன்றைக்கு ஒன்பதாவது நாளாகச் சிறையில் இருந்தார்.

10. நான் கத்தியது தங்கள் காட்டில் இருந்த ராமுத்தாய்க்குக் கேட்டிருக்கிறது. தன் கணவரை உள்ளே வைத்தவளின் கொட்டத்துக்குள் அவர் வரப்பைத் தாண்டி ஓடிவந்தார். கிடாரியின் கடைவாயில் விரலை விட்டுத் தட்டையை இழுத்து வெளியே போட்டார். அதை எழுப்பி நடத்த நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். "நடக்க விடாத. மூச்சு இல்லாம இருக்கு, கெடக்கட்டும்" என்றார். தன் கைபேசியில் மருத்துவருக்குப் பேசி, நாக்கின் நிறத்தைச் சொன்னதும் அவர்தான். மருத்துவர் அன்று செம்பட்டியில் இருந்ததால் இருபது நிமிடத்தில் வந்தார். நீல நிற மருந்தைக் கழுத்து நரம்பில் ஏற்றினார். அரை மணி நேரத்தில் கிடாரியின் நாக்கு சிவக்கத் தொடங்கியது. சாயங்காலம் அது பெய்த மூத்திரம் பச்சையும் நீலமுமாக இருந்தது. பிழைத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது ராமுத்தாயைக் காணவில்லை. மருந்து ஏற்றும்போதே போய்விட்டார் என்று மருத்துவர் சொன்னார்.

11. மருத்துவர் படப்பிலிருந்து ஒரு தட்டையை உருவி, அடித்தண்டை நறுக்கி, நிறமில்லாத வேறொரு சோதனை மருந்தில் ஒரு சொட்டு விட்டார். நறுக்கிய இடம் உடனே கருநீலமாக மாறியது. பழைய வைக்கோலில் விட்டுக் காட்டினார், நிறம் மாறவில்லை. சோளத்துக்குள் நைட்ரேட் அளவுக்கு மீறி இருக்கிறது, மாட்டின் வயிற்றில் அது வேறாக மாறி ரத்தத்தில் கலந்து, ரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் செய்துவிடும், அதனால்தான் அன்று ரத்தம் கறுத்திருந்தது என்று விளக்கினார். குருத்துச் சோளத்து விஷம் காயவைத்தால் போய்விடுமே என்று கேட்டேன். "அது வேறம்மா, இது வேற. இது காஞ்சாலும் போகாது, ஒரு வருஷம் படப்புல கெடந்தாலும் போகாது" என்றார். பிறகு நிலத்துக்கு என்ன உரம் போட்டேன் என்று கேட்டார்.

12. நான் சொன்னதைக் கேட்டு அவரே திரு. பிராங்கிளினை வரவழைத்தார். பதினாறாம் தேதி வந்தவர் மண்வெட்டியால் சோளக்கட்டையின் அடியில் மூன்று இடத்தில் தோண்டி, மண்ணை வாளித் தண்ணீரில் கரைத்தார். ஏப்ரலில் நான் பார்த்த முழு மணிகள் இப்போது வெறும் தோலாக மிதந்தன. சிலவற்றில் மட்டும் பாதி இருந்தது. விரலால் நசுக்கினால் தண்ணீர்தான் வந்தது. நிறுவனத்தில் கேட்காமல் எதுவும் சொல்லக்கூடாது என்று உத்தரவு இருப்பதாக முதலில் சொன்னார். என் கிடாரியைப் பார்த்துவிட்டு வந்து, பிறகு சொன்னார்.

13. அவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். நூறு நாள் என்பது மிதமான சூட்டிலும் விடாத ஈரத்திலும் அளந்த கணக்கு. ஈரம் இல்லாவிட்டால் அந்தத் தோலுக்குள் இருப்பது வெளியே வராது, அப்படியே காத்திருக்கும். ஈரம் கிடைத்துவிட்டால், சூடு கூடக் கூட வேகமாக வெளியே வரும். கிணறு வற்றியதும் என் நிலத்தில் அது நின்றுவிட்டது. மக்காச்சோளத்துக்குப் போட்டதை மக்காச்சோளம் தின்னவில்லை. பங்குனி மழையில் கொஞ்சம் வெளியே வந்து, மண்ணில் உள்ள கிருமிகளால் நைட்ரேட்டாக மாறி, காய்ந்த மண்ணிலேயே தங்கிவிட்டது. அதன் மேல் நான் தூவிய சாதா யூரியாவும் சேர்ந்தது. ஜூன் மழை, கொதித்துக் கிடந்த மண்ணில் விழுந்ததும் மிச்சமும் சேர்ந்து வேரடிக்கு வந்தது. ஐம்பது நாள் பட்டினி கிடந்த சோளம் எல்லாவற்றையும் உறிஞ்சியது. உறிஞ்சியதைச் செரித்துத் தழையாக மாற்ற அதற்குப் பத்துப் பதினைந்து நாள் தேவை. நான் நான்காவது நாளில் அறுத்துவிட்டேன். "பயிர் செத்தா உரமும் செத்துரும்னு நாங்களே நெனச்சுட்டோம்க்கா. அத நான் ஒங்ககிட்ட கேட்டிருக்கணும், அடுத்து என்ன வெதைக்கிறீங்கன்னு" என்றார். அவர் நல்ல மனிதர். அவர் பெயரைச் சொன்னதால் அவர் வேலைக்கு ஊறு வராமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

14. இந்த உரத்தைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. சின்னாளபட்டிப் பக்கம் சொட்டுநீர் போட்டு இதே உரத்தை இட்ட ஒரு மக்காச்சோளக் காட்டை நானே போய்ப் பார்த்தேன். கதிர் முழங்கை நீளம் இருந்தது. வழக்கமாகப் போடுவதில் பாதி உரம்கூட ஆகவில்லை என்றார்கள். தண்ணீர் உள்ள இடத்தில் அது சொன்னபடி நடக்கிறது. எங்கள் மண்ணில் எப்படி நடக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போட்டால் அது நான் கொடுக்கும் இரண்டாவது பொய்ப் புகாராகிவிடும்.

15. ஜூலை மாதம் ஆய்வக அறிக்கை வந்துவிட்டது. பூச்சிமருந்து எதுவும் இல்லை, இரைப்பையில் நைட்ரேட் மிக அதிகம் என்று அதில் உள்ளதாக மருத்துவர் வாய்மொழியாகச் சொன்னார். அறிக்கை வரட்டும் என்று அதுவரை பயந்து காத்திருந்த நான், ஜூலை 21 அன்று காவல் நிலையம் சென்று, புகார் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் நான் சொல்வது மட்டும் போதாது, அறிக்கை முறைப்படி வரவேண்டும் என்றார்கள். அறிக்கை இருக்கும் அலுவலகத்தில் கேட்டால், அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள். நிலையத்தில் கேட்டால், வரவில்லை என்கிறார்கள். இதுவரை ஒன்பது முறை நடந்துவிட்டேன். பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் இரண்டு முறை செம்பட்டிக்கு நடந்தே போனேன். இந்த மாதம் 28ஆம் தேதி வழக்கு மறுபடி வருகிறது.

16. ஜாமீனில் வந்த மறுநாளே திரு. மலைச்சாமி வீட்டுக்குப் போனேன். அவர் உள்ளேயே இருந்தார். கட்டிலில் அவர் கால் மட்டும் தெரிந்தது. வாசலில் நின்று, பொய் சொல்லிவிட்டேன் மாமா என்று சொன்னேன். ராமுத்தாய் வெளியே வந்து, என்னை உட்காரவும் சொல்லாமல், போகவும் சொல்லாமல் நிலைப்படியில் நின்றார். "அவரு ஒங்கிட்டப் பேச மாட்டாரு ஆத்தா. எழுதிக் குடுத்துத்தான உள்ள வச்ச? எழுதிக் குடுத்தே வெளிய எடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

17. இனி நான் சொல்லப்போவதுதான் அவசரம். உரம் வாங்கிய பதினான்கு பேரில் என்னோடு சேர்த்து ஒன்பது பேருக்கு மக்காச்சோளம் காய்ந்துபோனது. ஒன்பது பேரும் அதே நிலத்தில் தீவனச் சோளம் விதைத்தோம். என்னைத் தவிர எட்டுப் பேரையும் தேடிப் போய்ச் சொன்னேன். மூன்று பேர் மழைக்குப் பிறகு இருபது நாள் கழித்து அறுத்திருந்தார்கள். அவர்கள் மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் நான் சொல்வது கதை என்கிறார்கள். இருவர் கேட்டுக்கொண்டு தட்டையைத் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவர் செம்பட்டிச் சந்தையில் ஒரு வண்டித் தட்டையை மொத்தமாக விற்றுவிட்டார். வாங்கியவர் ஒட்டன்சத்திரம் பக்கம் என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. மீதி இருவரும் என்னை வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

18. அந்த இருவரில் ஒருவர் பக்கத்து ஊரைச் சேர்ந்த ஒச்சம்மாள். கணவர் இல்லாதவர்; இரண்டு எருமையும் ஒரு கன்றும் வைத்துப் பிழைக்கிறார். அவரிடம் மூன்று முறை போனேன். மூன்றாம் முறை அவர் சொன்னது: "அன்னைக்கி அவன் வெசம் வச்சான்னு சொன்ன. இன்னைக்கி ஒரம் வச்சுச்சுங்கிற. நாளைக்கி யாரச் சொல்லுவ?" ஆதாரம் ஏதும் இல்லாமல் நான் சொன்னதை ஒரு மணி நேரத்தில் நான்கு ஊரும் நம்பியது. இன்று மண்ணையும் தோலையும் காட்டிச் சொல்கிறேன், எவரும் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆகவேதான் அரசாங்கத்தின் வாயால் சொல்ல வேண்டுகிறேன்.

19. ஆகவே, கீழ்க்கண்டவற்றைத் தயவுகூர்ந்து செய்ய வேண்டுகிறேன்.

அ) ஆய்வக அறிக்கையின் சான்றிட்ட நகல் 28.08.2025க்கு முன் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்ச்சேர உத்தரவிட வேண்டும். வழக்கை முடிக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதை அறிவேன். ஒரு காகிதத்தை நடக்க வைக்கத் தங்களால் முடியும்.

ஆ) நான் பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என் மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுக்கலாம். எங்கு, எப்போது வரச் சொன்னாலும் வருகிறேன். அதற்குப் பயந்து இந்த மனுவைத் திரும்பப் பெற மாட்டேன். என் கணவருக்கும் தெரிவித்துவிட்டேன்.

இ) திரு. மலைச்சாமி குற்றமற்றவர் என்பது தெளிவான பின், அதை எங்கள் ஊர்க் கிராமசபைக் கூட்டத்தில் அதிகாரி ஒருவர் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். நான் சொல்வது போதாது என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

ஈ) இந்த உரம் இட்ட நிலங்களில் அடுத்த விதைப்புக்கு முன் மண்ணை எடுத்துச் சோதித்து, எவ்வளவு தழைச்சத்து இன்னும் இருக்கிறது என்று எங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மழை மறுபடி தொடங்கிவிட்டது. முதல் பயிர் காய்ந்தால் இரண்டாம் பயிருக்கு என்ன செய்ய வேண்டும், மழைக்குப் பின் எத்தனை நாள் பொறுத்துத் தீவனம் அறுக்க வேண்டும் என்பதைப் பையின் மேலேயே தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும்.

உ) நான்கு ஊர்களிலும் மீதமிருக்கும் சோளத்தட்டைப் படப்புகளைக் கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும். ஒரு படப்புக்கு ஒரு சொட்டு மருந்துதான், ஐந்து நிமிட வேலை. சந்தையில் விற்றுப்போன வண்டித் தட்டை குறித்து ஒட்டன்சத்திரம் பக்கத்திலும் எச்சரிக்கை செய்ய வேண்டும்.

20. கடைசியாக ஒன்று. நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடி ஒச்சம்மாள் வீட்டுப் பக்கம் போனேன். உள்ளே போகவில்லை, ரோட்டில் நின்று பார்த்தேன். அவரிடம் இரண்டு படப்புகள் இருக்கின்றன. ஒன்று போன வருடத்துச் சோளத்தட்டை. இப்போது எருமைகள் தின்பது அதை. இன்னொன்று என்னைப் போலவே மழை பெய்த நான்காம் நாள் அறுத்தது, இன்னும் பிரிக்கவில்லை. பழைய படப்பு என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. மாட்டுக்காரி என்ற முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நாளைக்குத்தான் வரும். இந்த மனு தங்கள் அலுவலகத்தில் பதிவாகி, பிரிவுக்குப் போய், வட்டத்துக்கு வந்து, ஊருக்கு வந்து சேரும் நாட்களையும் தாங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டுகிறேன். மற்ற கோரிக்கைகள் எல்லாம் விதிப்படி வரிசையில் நிற்கட்டும். தயவுசெய்து இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரை அந்த வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

இணைப்பு: வெற்று உரப்பை ஒன்று, 05.06.2025 தேதியிட்ட என் புகாரின் நகல். நான் பொய்யாகச் சொன்ன வரி அதில் அடிக்கோடிடப்பட்டுள்ளது.

இடம்: திண்டுக்கல்
நாள்: 18.08.2025

யாரும் சொல்லி எழுதாமல் என் கைப்பட எழுதியது,
(ஒப்பம்)
ச. வீரலட்சுமி